தலைகீழாகப் பிடித்தால் தோட்டா விழுமா, விழாதா?

புதுவேட்டை (ஒன்ராறியோ)
பி.ஏ.எல். (கனடாவில் துப்பாக்கி வாங்கி வைத்திருக்கும்) உரிமம் போன மாதம்தான் கைக்கு வந்தது. வேட்டைப் பாடமும் முடித்தாயிற்று. நவம்பரில் மான், குலுக்கலில் சீட்டு விழுந்தால் பிறகொரு வருஷம் மூஸ் என்ற பெரிய காட்டுமான். ஒரே ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளித் தோட்டா ஏற்றும் ரகம்) வாங்கப் போகிறேன், 308 என்ற தோட்டா அளவில். கையில் 1,200 டாலர். கடைக்காரர் டிக்கா டி3எக்ஸ் எடு என்கிறார். "பழைய மௌசர் மாதிரி தோட்டாவின் விளிம்பைப் பிடிக்கும் பெரிய கவ்வி வைத்ததெல்லாம் இப்போது வெறும் அலங்காரம்" என்றும் சொன்னார். சொந்தமாக வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

மௌசர்மாமா (பிரின்ஸ் ஜார்ஜ்)
அலங்காரமா? தம்பி, அந்தக் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ரைபிளைத் தலைகீழாகப் பிடித்து, போல்ட்டை மெதுவாக முன்னால் தள்ளினால் தோட்டா எங்கே போகும்?

மௌசர் 98-இல் தோட்டா மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) விட்டுக் கிளம்பும்போதே அதன் அடி விளிம்பு கவ்விக்குள் ஏறிவிடும். அப்புறம் நீங்கள் குப்புற விழுந்தாலும் மல்லாந்து விழுந்தாலும் அது போல்ட்டின் பிடியில்தான். டிக்கா, ரெமிங்டன் 700, சாவேஜ் 110 எல்லாம் தள்ளிவிடும் ரகம். தோட்டாவை முன்னால் உந்திவிட்டு, போல்ட் பூட்டும்போதுதான் பிடித்துக்கொள்ளும். நடுவழியில் அது அநாதை. பதற்றத்தில் போல்ட்டை முழுக்கப் பூட்டாமல் பின்னால் இழுத்தால் முதல் தோட்டா குழலின் பின்முனை அறைக்குள்ளேயே தங்கிவிடும், இரண்டாவது போய் அதன் முதுகில் இடிக்கும். 1964-இல் வின்செஸ்டர் மாடல் 70-இல் இந்தக் கவ்வியை எடுத்துக் காசு மிச்சம் பிடித்தார்கள். வாங்கியவர்கள் காறித் துப்பினார்கள். தொண்ணூறுகளில் திரும்ப வைத்தார்கள். அலங்காரத்துக்கா வைத்தார்கள்?

பனிக்கரடி (சட்பரி)
வந்துவிட்டார். மாமா, ஒரு சந்தேகம். நீங்கள் வௌவால் மாதிரி மரத்தில் தொங்கிக்கொண்டா மான் சுடுகிறீர்கள்?

புதுவேட்டை, நான் டி3எக்ஸ் வைத்திருக்கிறேன், ஆறு சீசன் ஆகிறது. போல்ட் வெண்ணெயில் கத்தி போல ஓடும். கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும், மேலே மாட்டிய தொலைநோக்கியில் கை இடிக்காது. எடை 3 கிலோவுக்குப் பக்கம். குறை சொல்வதானால், கூடுதல் மேகசின் விலை அநியாயம், அதுவும் பிளாஸ்டிக். மற்றபடி கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மௌசர்மாமா
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தீர்களா, இல்லையா? கேட்டதற்குப் பதில் இல்லை. வெண்ணெய், கத்தி என்று சமையல் குறிப்பு வருகிறது.

வன்னியான் (ஸ்கார்பரோ)
மான் என்ன, மரை என்ன, ஒன்ராறியோக் காட்டில் சுடுவது 100 மீற்றருக்குள். அதற்கு எந்தத் துவக்கும் போதும். நான் சாவேஜ் 110 வைத்திருக்கிறேன். விலை குறைவு, குழல் நேராகச் சுடும். வடிவைப் பற்றிக் கேட்காதீர்கள். கடப்பாரைக்குக் கட்டை போட்ட மாதிரி இருக்கும்.

கோவை_ரைபிள் (கோயம்புத்தூர்)
ஒரு தெளிவு வந்தால் சண்டை பாதி குறையும். மாமா சொல்லும் கவ்வி முறை, அதாவது 'கட்டுப்பட்ட ஊட்டம்' என்பது தோட்டா மேகசினிலிருந்து அறைக்குப் போகும் வழியில் பிடிபட்டிருக்கிறதா என்பதைப் பற்றியது. சுட்ட பின் கூட்டை இழுத்து வெளியே போடும் பலம் வேறு விஷயம். இரண்டையும் குழப்பக்கூடாது. அப்புறம் வன்னியான் சார், அது துப்பாக்கி. துவக்கு அல்ல.

வன்னியான்
என்ன, துவக்கு அல்லவா? நாங்கள் பிறந்த நாள் முதல் துவக்கு என்றுதான் சொல்கிறோம். இடியன் துவக்கு, கட்டுத்துவக்கு எல்லாம் பார்த்து வளர்ந்த ஆட்கள். வேட்டைக்கு 1972-இலேயே சட்டம் போட்டுப் பூட்டிய நாட்டில் இருந்துகொண்டு, காகிதத்தில் ஓட்டை போடுகிறவர் எங்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறார்.

கோவை_ரைபிள்
காகிதத்தில் ஓட்டை போடுவதுதான் சார் கடினம். மான் பெரிசு. காகிதத்தில் பத்து என்று எழுதிய இடம் புள்ளிதான்.

பனிக்கரடி
துவக்கோ துப்பாக்கியோ, விஷயத்துக்கு வருவோம். மாமா, உங்களுக்காகவே நேற்று இரவு செய்தேன். வெறும் டம்மி தோட்டாக்கள், வெடிமருந்து கிடையாது. மேசைக்கு அடியில் படுத்து டிக்காவைத் தலைகீழாகப் பிடித்துப் பத்து முறை போல்ட்டைத் தள்ளினேன். பத்தும் அறைக்குள் போயின. காரணமும் சொல்கிறேன். மேகசின் உதட்டை விட்டு அடிப்பக்கம் விடுபடுவதற்குள் முனை அறைக்குள் நுழைந்துவிடுகிறது. விழ இடமே இல்லை. என் மனைவி சிரித்தது தனிக்கதை.

மௌசர்மாமா
வேகமாகத் தள்ளியிருப்பீர்கள். நான் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். "மெதுவாக" என்று எழுதியிருக்கிறேன்.

பனிக்கரடி
மெதுவாகத் தள்ளவேண்டிய அவசரம் எனக்கு எப்போது வரும், அதைச் சொல்லுங்கள்.

மௌசர்மாமா
கரடி பத்தடியில் நிற்கும்போது. சத்தம் வராமல் இரண்டாவது தோட்டா ஏற்றவேண்டிய நேரம் வரும். பிரின்ஸ் ஜார்ஜ் பக்கம் வந்து பாருங்கள். முப்பது வருஷமாக இங்கே இருக்கிறேன்.

பனிக்கரடி
பத்தடியில் கரடி, நீங்கள் தலைகீழாக, அதுவும் மெதுவாக. சத்தியமாக அந்தக் கரடி மேல்தான் எனக்கு இரக்கம் வருகிறது.

கரடி என்றதும் ஞாபகம். கனடிய ராணுவத்தின் ரேஞ்சர்கள் வட துருவப் பக்கம் பனிக்கரடிக்குக் காவலாக என்ன வைத்திருக்கிறார்கள்? சி19. அது டிக்கா டி3எக்ஸ் ஆர்க்டிக்கை வைத்துச் செய்தது, 308-இல். பழைய லீ என்ஃபீல்டை எடுத்துவிட்டு இதைக் கொடுத்தது அரசாங்கம். தள்ளிவிடும் ரகம், மாமா. அநாதைத் தோட்டா.

மௌசர்மாமா
அரசாங்கம் வாங்கியது என்றால் நல்லது என்று அர்த்தமா? டென்டர் என்ற சொல்லைக் கேள்விப்பட்டதுண்டா? கிரீன்லாந்தில் நாய் வண்டியில் சுற்றும் டென்மார்க்கின் சிரியஸ் படையைப் பாருங்கள். அவர்களும் பனிக்கரடிக்கு நடுவில்தான் இருக்கிறார்கள். வைத்திருப்பது 1917 மாடல் என்ஃபீல்ட், 30-06 தோட்டா. மௌசர் வழி வந்த முழுநீளக் கவ்வி. நூறு வருஷத்துக்கு முந்திய இரும்பு. குளிரில் உறையாது, உடையாது. தலைகீழாகவும் ஏற்றும்.

பனிக்கரடி
அந்த நாய்களும் தலைகீழாக ஓடுமா?

புதுவேட்டை
மன்னிக்கவும், ஒரு விவரம் சொல்ல மறந்துவிட்டேன். நான் இடது கைக்காரன்.

கோவை_ரைபிள்
கவ்விக்கு ஒரு பலவீனம் இருப்பதையும் மாமா சொல்லவேண்டும். அசல் மௌசரில் தோட்டாவை நேரே அறைக்குள் போட்டுப் போல்ட்டைப் பூட்ட முயன்றால் கவ்வி விளிம்பு மேல் ஏறாது, முட்டி நிற்கும். மேகசின் வழியாகத்தான் ஊட்டவேண்டும். தள்ளிவிடும் ரகத்தில் கையால் ஒன்றைப் போட்டுப் பூட்டிவிடலாம். அவசரத்துக்கு எது உதவும்?

மௌசர்மாமா
நீங்கள் எந்த மௌசரைக் கையில் எடுத்தீர்கள்? எந்த வருஷம்? வரிசை எண்?

கோவை_ரைபிள்
இயந்திரம் இயங்கும் முறையைச் சொல்ல வரிசை எண் எதற்கு சார்?

மௌசர்மாமா
அப்படியானால் எடுத்ததில்லை. சரி. கவ்வியின் முனையைக் கொஞ்சம் சரிவாக்கிக் கொடுத்தால் விளிம்பு மேல் ஏறும். துப்பாக்கி ஆசாரிகள் காலங்காலமாகச் செய்கிற வேலை. இதுகூடத் தெரியாமல் நியாயம் பேசவந்தால் எப்படி? ஜிம் கார்பெட் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்குப் பரிசாகக் கிடைத்த 275 ரிக்பி ரைபிள், மௌசர் ஆக்‌ஷன். உங்கள் நாட்டுக் கதைதான். அதையாவது படியுங்கள்.

வன்னியான்
கார்பெட் பெரிய புலிகளுக்கு இரட்டைக்குழல் துவக்கும் கொண்டுபோனார். இரட்டைக்குழலுக்குப் போல்ட்டும் இல்லை, கவ்விச் சண்டையும் இல்லை. தலைகீழாகவும் சுடலாம், மாமா.

மௌசர்மாமா
பேச்சை மாற்றாதீர்கள். கேள்வி அப்படியே நிற்கிறது. மெதுவாக, தலைகீழாக, பத்து முறை. காணொளி எடுத்துப் போடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

பனிக்கரடி
காணொளியா? போன வருஷம் 270 தோட்டாவா 30-06 தோட்டாவா என்று நடந்த விவாத இழையில், 300 மீட்டரில் மூன்று குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தது என்றீர்கள். அட்டையின் படத்தை மறுநாள் போடுகிறேன் என்றீர்கள். மறுநாள் இன்னும் விடியவில்லை.

மௌசர்மாமா
அந்த அட்டை ஈரமாகிவிட்டது என்று அப்போதே சொன்னேன்.

கோவை_ரைபிள்
மூன்றும் குண்டா, தோட்டாவா? தோட்டா என்பது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. அட்டையில் விழுவது குண்டு மட்டும்.

வன்னியான்
சன்னம்.

கோவை_ரைபிள்
சன்னம் என்றால் சிறியது, மெல்லியது. சன்ன அரிசி.

வன்னியான்
அரிசிக் கடையில் அரிசி. எங்களூரில் சன்னம் என்றால் ஆள் படுத்துவிடும். வாங்கி அனுபவித்த சொல், அகராதி பார்க்கத் தேவையில்லை.

பனிக்கரடி
அகராதிச் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துவீர்களா? புதுவேட்டைக்கு நான் சொல்லவந்தது வேறு. கவ்வி அல்ல, டிரிக்கரைப் பாருங்கள். ரெமிங்டன் 700-இல் எக்ஸ்-மார்க் புரோ டிரிக்கர் போட்டவற்றை, 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்தவற்றை, கம்பெனியே திரும்ப அழைத்தது. தானாக வெடிக்கலாம் என்று. பழையது வாங்கினால் அந்த வேலை முடிந்ததா என்று கேளுங்கள். குளிருக்கு முன் போல்ட்டிலிருக்கும் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிடுங்கள். கழித்து 20 டிகிரி குளிரில் கிரீஸ் கெட்டியாகி, தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி மெதுவாக இடிக்கும், தோட்டா வெடிக்காது. நான் பார்த்த பிரச்சினைகளில் பாதி இதுதான். என் மைத்துனர் ஒருவர் மூஸ் நாற்பதடியில் நிற்க, 'டிக்' என்ற சத்தத்தோடு திரும்பி வந்தார். என்ன ரைபிள் என்று சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த ஐம்பது பதிவும் அதிலேயே போகும்.

மௌசர்மாமா
கவ்வி இருந்ததா அதில்?

பனிக்கரடி
இருந்தது.

மௌசர்மாமா
அப்படியானால் தவறு மைத்துனருடையது.

வன்னியான்
இல்லாமல் இருந்தால் துவக்கினுடையது. அப்படித்தானே?

மௌசர்மாமா
சந்தேகமென்ன.

மட்டுறுத்துநர்
இந்த இழை முதல் ரைபிள் தேர்வு பற்றியது. சொல்லாராய்ச்சிக்குத் தனி இழை இருக்கிறது. மைத்துனர்களை விட்டுவிடுங்கள். உண்மையான தோட்டாவை வைத்து வீட்டுக்குள் யாரும் சோதனை செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மௌசர்மாமா
மட்டுறுத்துநர் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. அவரும் டிக்காக்காரர்தான்.

மட்டுறுத்துநர்
என்னிடம் இருப்பது ருகர்.

மௌசர்மாமா
எம்77 ஹாக்கையா, அமெரிக்கனா?

மட்டுறுத்துநர்
ஹாக்கை.

மௌசர்மாமா
அதில் கவ்வி உண்டு. இப்போதாவது புரிந்ததா பனிக்கரடி? மட்டுறுத்துநரே என் பக்கம்.

மட்டுறுத்துநர்
நான் யார் பக்கமும் இல்லை.

புதுவேட்டை
எல்லோருக்கும் நன்றி. இடது கைக்கு எது கிடைக்கும் என்று யாராவது…

வன்னியான்
சாவேஜிலும் டிக்காவிலும் இடது கை மாடல் உண்டு, தம்பி. கடையில் தோளில் வைத்துப் பாருங்கள். எது கன்னத்தில் ஒட்டுகிறதோ அதை எடுங்கள்.

பனிக்கரடி
இடது கைக்கு மௌசர்மாமாவின் 64-க்கு முந்திய மாடல் 70 தேடினால் பேரன் காலத்தில்தான் கிடைக்கும்.

மௌசர்மாமா
வலது கை ரைபிளையே இடது தோளில் வைத்துச் சுடுகிறவர்கள் எத்தனையோ பேர். பழகினால் வரும். முக்கியமானது கவ்வி.

பனிக்கரடி
காணொளி போட்டுவிட்டேன். மெதுவாக, தலைகீழாக, டம்மியோடு, பத்து முறை. ஒன்பது உள்ளே போனது, ஒன்று கழுத்தில் விழுந்தது. உண்மையை மறைக்கவில்லை.

மௌசர்மாமா
விழுந்தது! பார்த்தீர்களா, விழுந்தது! ஐந்து பக்கமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பத்தில் ஒன்று. கரடி ஒன்றுதானே வரும்?

பனிக்கரடி
பத்தில் ஒன்பது உள்ளே போனது, மாமா. தலைகீழாக. மேசைக்கு அடியில். இரவு பதினோரு மணிக்கு. இனி உங்கள் முறை. அதே பத்து, உங்கள் மௌசரில். ஈரமாகாத காணொளியாக இருக்கட்டும்.

மௌசர்மாமா
என் ரைபிள் எண்ணெய் போட்டு அலமாரியில் இருக்கிறது. சீசன் வரட்டும்.

வன்னியான்
மறுநாள் வருகிறது.

கோவை_ரைபிள்
கழுத்தில் விழுந்தது தோட்டா என்பது சரியான பயன்பாடு. டம்மியானாலும் கூடும் குண்டும் சேர்ந்துதானே இருக்கிறது.