அப்பா சிபேப் மாஸ்க்கை பாதி ராத்திரியில கழட்டிடறாரு, பிபியும் இறங்க மாட்டேங்குது

திருச்சிக்காரி:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு. பிபிக்கு மூணு மாத்திரை போடறாரு, அதுல ஒண்ணு நீர் பிரியற மாத்திரை, அப்படியும் காலையில பார்த்தா 150/95க்கு கீழ வர்றதே அபூர்வம். குறட்டை பக்கத்து ரூம் வரைக்கும் கேக்கும், நடுவுல சத்தம் அப்படியே நின்னுடும், மூச்சு வருதான்னு நாங்க எழுந்து பாக்கும்போதே ஒரு திணறலோட மறுபடி ஆரம்பிக்கும். ஹார்ட் டாக்டர்தான் ஸ்லீப் ஸ்டடி எடுக்க சொன்னாரு, ஏஹெச்ஐ 42, சிவியர்னு ரிப்போர்ட். மாஸ்க் வழியா காத்தை அழுத்தி தொண்டை அடைக்காம பாத்துக்கற சிபேப் மெஷின் வாங்கியாச்சு. படுக்கும்போது மாட்டிக்கறாரு, ஒரு மணி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தா கழட்டி வெச்சுட்டு அப்படியே படுத்துடறாரு. வாய் வறண்டு போகுதாம், காத்து கண்ணுல அடிக்குதாம். அம்மா தினமும் சொல்லி சொல்லி சண்டைதான் வருது. இப்படி மூணு மணி நேரம் போட்டா பலன் இருக்குமா? நிஜமாவே இதனால பிபி இறங்குமா?

ஸ்லீப்லேப்_தம்பி:
நான் ஸ்லீப் லேப்ல டெக்னீஷியன். ஏஹெச்ஐ 42ன்னா மணிக்கு சராசரியா 42 தடவை குறைஞ்சது 10 செகண்டுக்கு மூச்சு நின்னிருக்கு இல்ல ரொம்ப கம்மியாயிருக்கு. அந்த ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்கி, மூளை பதறி அவரை அரைகுறையா எழுப்பிவிட்டு, பிபி சட்டுனு ஏறும். நல்லா தூங்கறவங்களுக்கு ராத்திரி பிபி 10லருந்து 20 சதவீதம் வரைக்கும் இறங்கும், இப்படி மூச்சு நிக்கறவங்கள்ல நிறைய பேருக்கு அது நடக்கறதே இல்ல. முக்கியமான விஷயம், கனவு வர்ற தூக்கம் பெரும்பாலும் ராத்திரியோட பின்பாதியிலதான் வரும், அப்போதான் தொண்டை தசை ரொம்ப தளர்ந்து அடைப்பு அதிகமாகும், அப்பா கழட்டறது சரியா அந்த நேரத்துல. அதனால முன்னாடி போட்ட மூணு மணி நேரம் மட்டும் போதாதுக்கா.

கண்ணுல காத்து அடிச்சா மாஸ்க் சைஸ் சரியில்ல, இல்ல ஸ்ட்ராப்பை ஓவரா இறுக்கியிருக்காங்க, இறுக்க இறுக்க லீக் கூடத்தான் செய்யும். படுத்த நிலையில மெஷினை ஆன் பண்ணி, காத்து ஓடும்போது ஸ்ட்ராப்பை சரி பண்ணுங்க. பாத்ரூம் போக மாஸ்க்கை கழட்டவே வேணாம், முன்னாடி இருக்கற டியூபை மட்டும் உருவிட்டு போயிட்டு வந்து மாட்டிக்கலாம், நிறைய மாடல்ல அந்த வசதி இருக்கு. மூச்சடைப்பு சரியானா ராத்திரி ஒண்ணுக்கு எழுந்திரிக்கறதே பலருக்கு குறையுது. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது மெஷின்ல இருக்கற மெமரி கார்டையும் எடுத்துட்டு போங்க, எத்தனை மணி நேரம் போட்டாரு, லீக் எவ்வளவுன்னு எல்லாம் அதுல இருக்கும்.

கோவை_அக்கா:
தங்கச்சி, எங்க வீட்டுக்காரரும் மாஸ்க்கை தூக்கிப் போட்டவர்தான். நாங்க பகல்ல டிவி பாக்கும்போது மாட்டி உக்கார வெச்சோம், முகத்துக்கு பழகின பிறகுதான் ராத்திரி தங்குச்சு. காத்தை ஈரமாக்கற ஹியூமிடிஃபையரை மெஷின்ல போட்டதும் வாய் வறட்சி நல்லா குறைஞ்சுது, அதுல டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும். கரண்ட் போனா மூச்சு முட்டுமோன்னு அவருக்கு பயம், அதனால அந்த பிளக்கை இன்வர்ட்டர் லைன்ல குடுத்தோம், ஹியூமிடிஃபையர் சூட்டை மட்டும் ஆஃப் பண்ணிட்டா பேட்டரி ரொம்ப நேரம் தாங்குது. அம்மாகிட்ட சொல்லுங்க, ராத்திரியில சண்டை வேணாம், காலையில தலைவலி இல்லாம எழுந்தாரான்னு அன்பா கேட்டாலே போதும். அப்பா பகல்ல வண்டி ஓட்டறாரா? ஓட்டும்போது கண்ணு சொக்குதுன்னா தயவுசெஞ்சு இப்போதைக்கு சாவியை குடுக்காதீங்க.

பார்மசி_மாமா:
பிபி பத்தி சொல்றேன். சிபேப் போட்டா சராசரியா 2, 3 பாயின்ட்தான் இறங்கும், மூணு மாத்திரைக்கும் அடங்காத பிபின்னா, ஒழுங்கா போட்டா இன்னும் கொஞ்சம் கூட இறங்கலாம். 2016ல வந்த சேவ்னு ஒரு பெரிய ஆய்வுல 2,700 பேருக்கு மேல பாத்தாங்க, சிபேப்பால ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் குறையல, ஆனா அதுல ஜனங்க சராசரியா போட்டதே ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். அதனால மெஷின் வந்துடுச்சுன்னு எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்கம்மா. இந்த மாதிரி அடங்காத பிபிக்கு ஸ்பைரனோலாக்டோன்னு இன்னொரு மாத்திரை சேப்பாங்க, பொட்டாசியம் டெஸ்ட் பாத்துட்டுதான் குடுப்பாங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. அப்பா முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது போடறாரா? அதுவே பிபியை ஏத்தும். ஊறுகாய், அப்பளத்தை குறைங்க. தூக்க மாத்திரையோ சரக்கோ இருந்தா தொண்டை இன்னும் தளர்ந்துடும்.

திருச்சிக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முட்டி வலி மாத்திரை போடறாரு, கடையில தானா வாங்கறது, இன்னைக்கே டாக்டருக்கு போன் பண்றேன். மாஸ்க் அளவை கடையில உக்கார வெச்சுதான் பாத்தாங்க, படுக்க வெச்சு பாக்கவே இல்ல. அப்பாவுக்கு பெரிய மீசை வேற, அதனாலதான் லீக் ஆகுதோ? எடுக்க சம்மதிக்கவே மாட்டாரு.

ஸ்லீப்லேப்_தம்பி:
மீசையை எடுக்க வேணாம்க்கா. நேசல் பில்லோன்னு ஒண்ணு இருக்கு, மூக்கு ஓட்டையில மட்டும் உக்காரும், மீசைக்காரங்களுக்கு அது நல்லா செட் ஆகும். வாயைத் திறந்துட்டு தூங்கறவருன்னா காத்து வாய் வழியா போயிடும், அதுக்கு மொதல்ல மூக்கடைப்பு இருக்கான்னு ஈஎன்டி கிட்ட காட்டிடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ட்ரையல் தருவாங்களான்னு கேளுங்க, சில டீலருங்க தர்றாங்க.