கொழும்பு புறக்கோட்டை நாட்டாமிமாருக்கு பிரஷர், சீனி பார்க்க ஒரு ஒழுங்கு: ஆலோசனை தேவை

கொட்டாஞ்சேனைத் தொண்டர்:
நான்காம் குறுக்குத் தெருப் பக்கம் மூட்டை தூக்கும் நாட்டாமிமார், லொறிக்காரர், கடைப் பெடியன்களுக்காக மாதம் ஒருமுறை பரிசோதனை வைக்க எங்கள் சங்கத்தில் யோசிக்கிறோம். தொண்டர்கள் ஆறு பேர், டொக்டர் இல்லை. கிளினிக்குக்கு வரச் சொன்னால் பெண்கள்தான் வருகிறார்கள். ஆம்பிளையள் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று நழுவுகிறார்கள். எந்த நேரம் வைப்பது, எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):
முதல் வேலை, மாநகர சபை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் அனுமதி. விரலில் குத்தி இரத்தம் எடுப்பதென்றால் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருக்கவேண்டும். அவர் கிடைக்காவிட்டால் பிரஷர், இடுப்புச் சுற்றளவு, வாய் ஆகிய மூன்றோடு நில்லுங்கள். அதுவே பெரிய வேலை.

நேரம்: விடியற்காலை லொறி இறக்கும் நேரத்தில் ஒருவரும் நிற்கமாட்டார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஓயும் நேரம் பாருங்கள். நாட்டாமிமாரின் தலைவரை முதலில் கதிரையில் இருத்தினால் மற்றவர்கள் தாங்களாகவே வருவார்கள். நோட்டீஸ் ஒட்டுவதால் ஒன்றும் நடக்காது.

பிரஷரில்தான் அதிகம் பிழைக்கும். மூட்டையை இறக்கிவிட்டு வந்த கையோடு அளந்தால் எல்லோருக்கும் கூடத்தான் காட்டும். பிளேன்டி, சிகரெட், பாரம் தூக்கல் முடிந்து அரை மணித்தியாலம் போகவேண்டும். சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல். பாரம் தூக்கும் கை பருத்தது. பிரஷர் கருவியின் சாதாரணக் கைப்பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரை சுற்றளவுள்ள கைக்குத்தான், அதைப் பருத்த கையில் இறுக்கிக் கட்டினால் அளவு பொய்யாகக் கூடும். பெரிய பட்டி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தரம் அளவுங்கள். 140/90 அல்லது மேலே என்றால் "உங்களுக்கு பிரஷர்" என்று அறிவிக்காதீர்கள். வேறொரு நாள் திரும்ப அளக்கவேண்டும். 180/120 தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் பலவீனம் ஏதாவது இருந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றைக்கே டொக்டரிடம் அனுப்புங்கள்.

மட்டக்குளி மிட்வைஃப்:
அண்ணா சொன்ன 'வாய்' பற்றி. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, பாபுல், மாவா (பாக்கும் புகையிலையும் சேர்ந்த கலவைகள்) எல்லாம் அங்கே ஓடும். புகையிலை சேராத பாக்கே காரணி. அதனால் "நான் புகையிலை போடுறதில்லை" என்ற பதிலோடு விடாதீர்கள்.

ரோர்ச் ஒன்றும் கையுறையும் போதும். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி பாருங்கள். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண் கவனம். அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து, செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம். வோர்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய ஆட்கள் இவர்கள்.

சீனி குத்திப் பார்க்கிறதென்றால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவிட்டு, முதல் துளியைத் துடைத்துவிட்டு எடுங்கள். சீனி, பழம் தொட்ட விரலால் அளவு எகிறும். ஊசி ஆளுக்கு ஒன்று, பாவித்தது உடனே கடினப் பெட்டிக்குள். ஸ்ட்ரிப் போத்தலை வெயிலில் திறந்து வைக்காதீர்கள். சாப்பிட்டபின் சீனி 140 mg/dL தாண்டினால் வெறும் வயிற்றில் பார்க்க அனுப்புங்கள், அதற்கு எட்டு மணித்தியாலமாவது சாப்பிட்டிருக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனைத் தொண்டர்:
நன்றி அக்கா. குடியைப் பற்றி எப்படிக் கேட்பது? அனுப்பியபிறகு போகாதவர்களை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ.:
"குடிப்பீங்களா?" என்றால் பதில் "இல்லை"தான். "போன கிழமை எத்தனை நாள்? கடைசியாக எவ்வளவு?" என்று கேளுங்கள், பக்கத்தில் கூட்டாளி நிற்காத இடத்தில். சிகரெட் விட விரும்புபவருக்கு 1948, மனம் சரியில்லாதவருக்கு 1926 என்ற தொலைபேசி உதவி இலக்கங்களைக் கொடுங்கள்.

போகாததற்கு நாள்கூலிதான் காரணம். 35 வயது தாண்டியவர்களை எச்.எல்.சி.க்கு (அரசின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம்) அனுப்புகிறோம், அங்கே வெறும் வயிற்றோடு காலையில் போகவேண்டும், அந்தக் காலைச் சம்பளம் போய்விடும். ஆகவே உங்கள் பிரதேச எச்.எல்.சி. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்து, நான்கைந்து பேரை ஒன்றாக, ஒரு தொண்டரோடு அனுப்புங்கள். கொடுத்தனுப்பும் துண்டை சிங்களத்திலும் எழுதுங்கள். அங்கே மேசையில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

கொப்பியில் ஆளின் பெயர், அளவு, அனுப்பிய நாள், இரண்டு தொலைபேசி இலக்கம் எழுதுங்கள். ஒன்று அவருடையது, மற்றது வீட்டுக்காரியுடையது, அவர் சம்மதித்தால் மட்டும். அடுத்த மாதம் புது ஆட்களைப் பார்க்கமுன் அந்தக் கொப்பியைத் திறந்து, போகாதவர்களின் பிரஷரை முதலில் பாருங்கள். புது ஆள் குறைந்தாலும் பரவாயில்லை.