லீ உல்ஃப் – போர்ட்லாண்ட் க்ரீக்ல மீன்பிடி கேம்ப் நடத்தின மனுசன பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஒண்டாரியோ_தூண்டில்:
வணக்கம் மக்களே. வர்ற ஜூலைல குடும்பத்தோட கனடாவோட கிழக்குக் கோடில இருக்கற நியூஃபவுண்ட்லாண்ட் தீவுக்கு போறோம், க்ரோஸ் மோர்ன் தேசியப் பூங்காவ பார்த்துட்டு அப்படியே கரையோரமா வடக்க போயி போர்ட்லாண்ட் க்ரீக்ல சால்மன் மீனுக்கு தூண்டில் போடணும்னு ரொம்ப நாள் ஆசை. அந்த ஆத்த பத்தி தேடுனா எங்க பார்த்தாலும் லீ உல்ஃப் பேருதான் வருது. ராயல் உல்ஃப் ஃப்ளை (பூச்சி மாதிரி முள்ளுல கட்டின செயற்கை இரை) என் பெட்டில எப்பவும் கிடக்கும், ஆனா அந்த உல்ஃப் இங்க கேம்ப் போட்டு ஆளுங்கள தங்க வச்சு மீன் பிடிக்க கூட்டிட்டுப் போனவர்ங்கறதே இப்பதான் தெரியுது. எப்படிப்பட்ட மனுசன் அவர்? செத்து இத்தன வருசம் ஆகியும் ஏன் அவர் பேர சொல்லிட்டே இருக்காங்க? விக்கிபீடியா சுருக்கம் வேணாம், படிச்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விரிவா எழுதுங்க.

பழைய_ரீல்:
தம்பி, இவர பத்தி கேட்டதே சந்தோஷம், நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

1905ல அலாஸ்கால வால்டிஸ்ங்கற துறைமுக ஊர்ல பிறந்தவர். ஸ்டான்ஃபோர்ட்ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு அந்த வேலைக்கே போகாம பாரிஸ்க்கு ஓவியம் படிக்கப் போயிட்டார், திரும்பி வந்து நியூயார்க்ல விளம்பரங்களுக்கு படம் வரையற பொழப்பு. என்னை கேட்டா அந்த ரெண்டு படிப்பும் வீணாப் போகல. உங்க பெட்டில இருக்கற ராயல் உல்ஃப எடுத்து பக்கத்துல வச்சுப் பாருங்க, வெள்ளை முடில ரெண்டு இறக்கை, இடுப்புல சிவப்பு பட்டு நூல், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மயில்தோகை இழை சுத்தியிருக்கும். அதுக்கு முன்னாடி இருந்த ஃப்ளைங்க ஒல்லியா இறகுல கட்டினது, நாலு வீச்சுல ஊறிப்போயி முங்கிடும். 1930 வாக்குல இவர் இறகுக்கு பதிலா மான்வால் முடிய வச்சு குண்டா கட்டினார், பாய்ஞ்சு ஓடற தண்ணிலயும் மிதந்துச்சு. மீன் பிடிக்கும்போது நாம மாட்டிக்கற பாக்கெட் வச்ச கையில்லாத ஜாக்கெட், அதான் வெஸ்ட், இருக்குல்ல, அந்த யோசனையும் அவரோடதுதான், தானே உக்காந்து தச்சார்.

கேம்ப் கதைக்கு வர்றேன். அப்ப நியூஃபவுண்ட்லாண்ட் கனடாவோட இல்ல, 1949லதான் சேர்ந்துச்சு. அந்த வடமேற்குக் கரைல சொல்லிக்கற மாதிரி ரோடும் கிடையாது. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட போர்ட்லாண்ட் க்ரீக்லயும் ரிவர் ஆஃப் பாண்ட்ஸ்லயும் கேம்ப் ஆரம்பிச்சு, நாப்பது வயசுக்கு மேல ப்ளேன் ஓட்டக் கத்துக்கிட்டு, சக்கரத்துக்கு பதிலா மிதவை மாட்டின பைப்பர் கப்ங்கற ஒரு சின்ன ப்ளேன வாங்கி, ரோடே போகாத ஏரி, ஆறுன்னு தேடித்தேடி இறங்கினார். பத்து வருசம்கூட நடத்தல, 50கள்ல கைமாத்தி விட்டுட்டார்.

ஆனா அவர நினைக்கறதுக்கு ஃப்ளையவிட, ப்ளேனவிட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. விளையாட்டுக்காக தூண்டில் போட்டுப் பிடிக்கற மீன் ரொம்ப மதிப்பானது, ஒரே தடவ பிடிச்சதோட முடிச்சுடக் கூடாதுன்னு, அதாவது பிடிச்சுட்டு உயிரோட திரும்ப விடணும்ங்கற அர்த்தத்துல, 1939லயே எழுதினார். பிடிச்ச மீன வரிசையா தொங்கவிட்டு ஃபோட்டோ எடுக்கறதுதான் பெருமைன்னு இருந்த காலம் அது. அதுக்கப்பறம்தான் கேம்ப் போட்டார், அதனால வியாபாரத்துக்காக சொன்னார்னும் சொல்ல முடியாது. சால்மன் கடலுக்குப் போயி வளந்துட்டு முட்டை போட பிறந்த ஆத்துக்கே திரும்பி வரும், ஆத்துல நுழைஞ்சப்பறம் இரை எடுக்காது, ஆனாலும் ஃப்ளைய பார்த்தா கவ்வும். அட்லாண்டிக் சால்மன் முட்டை போட்டதோட எல்லாம் செத்துடாது, பொழச்சு மறுபடி கடலுக்குப் போயி திரும்பி வர்றதும் உண்டு. அந்த மீன அடிச்சு சமைச்சுட்டா அடுத்த வருசம் எத நம்பி கேம்ப் நடத்தறது?

1991 ஏப்ரல்ல, 86 வயசுல, பைலட் லைசென்ஸ புதுப்பிக்க நியூயார்க் மாநிலத்துல ஹான்காக்ங்கற ஊர்ல ப்ளேன் ஓட்டிக் காட்டும்போது ப்ளேன் விழுந்து இறந்தார். அந்த வயசுலயும் ஓட்டுறத விடல பாருங்க.

வடமராட்சிப்_பெடியன்:
அண்ணா, போர்ட்லாண்ட் க்ரீக் போறீங்கள் எண்டா ரிஃப்ளிங் ஹிட்ச் எண்ட முடிச்சுக் கட்டப் பழகிக்கொண்டு போங்கோ, உல்ஃபின்ர கதையில எனக்குப் பிடிச்ச பகுதியே அதுதான். முந்தி அங்க நங்கூரம் போட்ட பிரிட்டிஷ் கடற்படை ஆக்கள் தங்கட பழைய ஃப்ளைகள உள்ளூர் சனத்துக்குக் குடுத்திட்டுப் போவினமாம். அதில முடிச்சுப் போடுற வளையம் குடல் நரம்பில செய்தது, உக்கிப்போய் பெரிய மீன் இழுத்தா அறுந்திடும். அதால உள்ளூர் ஆக்கள் வளையத்த நம்பாம ஃப்ளையின்ர தலைக்குப் பின்னால தூண்டில் லைன அரை முடிச்சா ரெண்டு சுத்துச் சுத்திக் கட்டினவங்கள். அப்பிடிக் கட்டினா லைன் பக்கவாட்டில இழுக்கும், ஃப்ளை தாழாம தண்ணீர் மேல கோடு கிழிச்சுக்கொண்டு போகும். சால்மன் அதுக்குத்தான் பாய்ஞ்சுது! உல்ஃப் அத அந்த ஊர் ஆக்களிட்டப் பழகி, எழுதி உலகத்துக்குச் சொன்னவர், இது போர்ட்லாண்ட் க்ரீக்காரற்ற வித்தை எண்டு சொல்லித்தான் சொன்னவர். படிச்ச மனுசன், பேர் எடுத்த மனுசன், ஆனா கைடுகளிட்டக் கேட்டுப் பழகினவர், அது எனக்குப் பெரிய விசயம்.

நியூஃபவுண்ட்லாண்ட் எண்டாலே எங்கட வீட்டில ஒரு மரியாதை. 1986ல லைஃப் போட்டில மிதந்துகொண்டிருந்த நூத்தம்பதுக்கும் மேற்பட்ட எங்கட ஈழத் தமிழ் அகதிச் சனத்தக் கரைசேர்த்தது அந்த ஊர் மீன்பிடிகாரர்தான்.

ஒகேனக்கல்_ராஜா:
பழைய ரீல் அண்ணே நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணு விட்டுட்டீங்க, ராட் விஷயம். சால்மனுக்குன்னா நீளமா கனமா ராட் வேணும்னு எல்லாரும் நம்பிட்டிருந்த காலத்துல ஆறடி மூங்கில் ராட்ல பிடிச்சார், ஒரு தடவ ராடே இல்லாம கையாலயே லைன வீசி கையில ரீல பிடிச்சுக்கிட்டே சால்மன கரையேத்திக் காட்டினார். 1967ல ஈக்வடார் கடல்ல 148 பவுண்ட் மார்லின்ங்கற பெரிய கடல் மீன ஃப்ளைல பிடிச்சாரு, அதுவும் 12 பவுண்ட் தாங்கற நரம்புல.

எனக்கு இவர் ஏன் நெருக்கம்னா நம்ம காவிரிதான் காரணம். பீமேஸ்வரி, காலிபோர் பக்கம் மாசீர் மீனுக்கு கேம்ப் நடந்துச்சு, பிடி, எடை போடு, தண்ணில விடுங்கறதுதான் ரூல். கைடா இருந்தவங்கள்ல சிலபேர் முன்னாடி வெடி வச்சு மீன் அள்ளினவங்க, மீன் உசுரோட இருந்தாதான் சம்பளம்னு ஆனதும் அவங்களே காவலுக்கு நின்னாங்க. உல்ஃப் சொன்னது நம்ம ஆத்துலயும் நடந்துச்சுன்னு சொல்ல வர்றேன். அப்பறம் சரணாலயத்துக்குள்ள தூண்டில் கூடாதுன்னு கேம்ப மூடிட்டாங்க. 1946ல கபினி ஆத்துல வான் இங்கன்ங்கறவர் பிடிச்சது 120 பவுண்ட், அந்த கூன்முதுகு மாசீர் இப்ப அழிவோட விளிம்புல நிக்குது. காவலுக்கு இருந்த கண்ணு போனது எனக்கு இன்னும் மனசு ஆறல.

ஒண்டாரியோ_தூண்டில்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி பொண்டாட்டிக்கும் படிச்சுக் காட்டினேன். ஒரே ஒரு சந்தேகம், விட்ட மீன் நிஜமா பொழைக்குமா? எங்க மாமா அத சித்திரவதைனு சொல்லி சண்டைக்கு வர்றார்.

பழைய_ரீல்:
மாமா கேக்கறது நியாயமான கேள்விதான். தண்ணி குளிர்ச்சியா இருந்து, சீக்கிரம் இழுத்து, மீன தண்ணிய விட்டு தூக்காம தூண்டில் முள்ள எடுத்தா பெரும்பாலும் பொழைக்கும். தண்ணி 20 டிகிரிய தாண்டிட்டா மூச்சு வாங்கி சாகற வாய்ப்பு கூடிடும், அதான் தண்ணி ரொம்ப சூடாகும்போது அங்க ஆறுகள மூடிடறதும் உண்டு. உல்ஃப் லேசான ராட்ல ரொம்ப நேரம் விளையாட்டு காட்டினத இன்னைக்கு நான் செய்ய மாட்டேன், அவர்மேல எவ்வளவு மரியாதை இருந்தாலும்.

மத்தபடி போறதுக்கு முன்னாடி சால்மன் லைசென்ஸ் எடுத்துக்கோங்க. நீங்க வெளி மாகாணம், அங்க நெருங்கிய சொந்தம் யாரும் இல்லன்னா லைசென்ஸ் உள்ள கைடு கூட இருந்தாதான் சால்மன் ஆத்துல நிக்கலாம். எதிர்முள் இல்லாத முள், செயற்கை ஃப்ளை மட்டும். 63 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா விட்டே ஆகணும், 1984லேருந்து அது சட்டம். ஜூலைல கைடு கிடைக்கறது கஷ்டம், இப்பவே ஃபோன் போட்டு புக் பண்ணுங்க.