அக்கா பையனுக்கு முதல் பிறந்தநாள், தாய்மாமன் என்ன வாங்கலாம்?

திண்டுக்கல்காரன்:
அடுத்த மாதம் அக்கா பையனுக்கு முதல் பிறந்தநாள், திருச்சியில் சின்னதாக ஒரு மண்டபம் பிடித்திருக்கிறார்கள். நான் ஒரே தாய்மாமன் என்பதால் அம்மா "அரைப் பவுனில் ஒரு செயினாவது போடு, சொந்தக்காரர்கள் முன்னால் வெறும் பொம்மையோடு போய் நிற்காதே" என்கிறார். தங்கம் விற்கிற விலைக்கு அது என் சம்பளத்தையே தாண்டும். கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது. அக்காவைக் கேட்டால் "நீ வந்தால் போதும்டா" என்கிறாள், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வீடு முழுக்க ஏற்கெனவே பொம்மை. பையன் இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கிறான். என்ன வாங்கலாம்?

ரெண்டு வாலு அம்மா:
தம்பி, மொட்டை போட்டுக் காது குத்தியாச்சா? இல்லையென்றால் முதலில் அது எப்போது என்று கேளுங்கள். உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தப் போகிறார்கள். கம்மல், புதுத்துணி, சீர்த்தட்டு என்று எல்லாம் அன்றைக்கு உங்கள் தலையில்தான் விழும், தங்கத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்கு மாமன் நகை போட்டே ஆகவேண்டும் என்று எங்கள் பக்கம் வழக்கமே இல்லை, கேக் வெட்டுவதே நேற்று வந்ததுதானே.

பிடித்து நிற்கிறான் என்றால் மர நடைவண்டி வாங்குங்கள். உள்ளே உட்கார வைத்து உருட்டிவிடுகிற பிளாஸ்டிக் வாக்கர் மட்டும் வேண்டாம். அதில் குழந்தை கண் மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும், கனடாவில் 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நடைவண்டி அப்படியில்லை, பிள்ளை தன் காலில் நின்று தள்ளவேண்டும். அதற்காகத் தனியே விட்டுவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை, பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும்.

பட்டறைக்காரர்:
ஐயாயிரத்துக்குள் தங்க மோதிரம் தேடினால் ஊதினால் பறக்கிற தகடுதான் கிடைக்கும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை என்பதால் கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் வாங்கவேண்டும். நாலே மாதத்தில் விரலுக்குச் சேராது, மாற்றப் போனால் செய்கூலியும் சேதாரமும் போச்சு. ஒரு வயதுப் பிள்ளை அதைக் கழற்றி வாயில்தான் போடும், அது வேறு. சபையில் ஏதாவது போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் மெல்லிசாக ஒரு வெள்ளிக் காப்போ அரைஞாண் கொடியோ போதும். மணி கோத்தது வேண்டாம், கழன்று விழும்.

பெங்களூர் சித்தி:
பெங்களூர்ப் பக்கம் யாராவது வந்தால் சன்னபட்டணத்தில் மரப் பொம்மை வாங்கி வரச் சொல்லுங்கள், மைசூர் போகிற வழியில்தான் இருக்கிறது. அரக்குப் பூச்சு என்பதால் பிள்ளை கடித்தாலும் பெயின்ட் உரியுமே என்ற கவலை குறைவு. ஆனால் அந்தப் பெயரில் போலியும் நிறைய வருகிறது, பார்த்து வாங்கவேண்டும்.

கடையில் வாங்கும் பொம்மை என்றால் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். பாட்டுப் பாடுகிற, விளக்கு எரிகிற பொம்மையைத் திருப்பிப் பார்த்து, பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்ன வட்ட பேட்டரியை விழுங்கித் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும், மலத்தோடு வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் பொருளையே சொல்கிறீர்கள். ஐயாயிரத்தை அப்படியே பையன் பெயரில் பிபிஎஃப் கணக்கில், அதாவது அரசாங்கத்தின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வருடத்துக்குக் குறைந்தது 500 போட்டால் போதும், 15 வருடத்தில் முதிரும். மாமா திறக்க முடியாது, அப்பாவோ அம்மாவோதான் கார்டியனாக இருந்து திறக்கவேண்டும்.

ரெண்டு வாலு அம்மா:
நல்ல யோசனைதான், ஆனால் பாஸ்புக்கைத் தட்டில் வைத்தால் இவர் அம்மா என்ன சொல்வார்!

திண்டுக்கல்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் கேட்டேன், காதுகுத்து தை மாதம் குலதெய்வம் கோவிலிலாம். இதைச் சொன்னதும் அம்மா இறங்கி வந்துவிட்டார், ஆனால் தட்டில் வெள்ளிக் காப்பு ஒன்று கட்டாயம் இருக்கணுமாம். சரி, காப்பும் நடைவண்டியும். பிபிஎஃப் பற்றிப் பையனின் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் பாடு. நடைவண்டியை இங்கிருந்து பஸ்ஸில் தூக்கிப் போவதா?

ரெண்டு வாலு அம்மா:
எதற்கு? திருச்சியிலேயே வாங்குங்கள். வாங்கும்போது கைப்பிடியில் சிலாம்பு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், சக்கரத்தையும் உருட்டிப் பாருங்கள். டைல்ஸ் தரையில் விர்ரென்று ஓடுகிற வண்டி வேண்டாம், கொஞ்சம் இறுக்கமாக உருள்வதுதான் நல்லது. அப்புறம் துணி எடுப்பதாக இருந்தால் ஒன்றரை இரண்டு வயது அளவில் எடுங்கள், விழாத் துணியை அக்கா எடுத்திருப்பாள்.