புதுப்பிப்பு: டோசர் செயின் சூடு, சீல்தான் காரணம்

மியான்மரில் பெகு பக்கம் ஓடும் நம்ம டோசரின் (புல்டோசர்) ஓடுசெயினில், கண்ணிகளை இணைக்கும் உலோகத் தண்டான பின்களில் ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி சூடாகிறது, செயினையே மாற்றணுமா என்று கேட்டிருந்தேன். தேவைப்படவில்லை.

இந்தச் செயினில் ஒவ்வொரு பின்னுக்குள்ளும் எண்ணெய் இருக்கும்; அது வெளியேறாமல் தடுக்கும் வளையம்தான் சீல். கசிவு உண்டா என்று, பின்னின் முனையிலுள்ள ரப்பர் பிளக் வழியாக வேக்குவம் (காற்றை உறிஞ்சி) போட்டுப் பார்த்தோம். பக்கத்துப் பின்களில் கேஜ் முள் அசையாமல் நின்றது. இதில் மட்டும் விறுவிறுவென்று பூஜ்யத்துக்கே திரும்பிவிட்டது. பிரஸ்ஸில் தள்ளிக் கழற்றினால், சீல் உதடு முழுக்க மழைச்சேறு பசையாக அப்பியிருக்கிறது. எண்ணெய் போய், பின்னும் அதைச் சுற்றியுள்ள குழாயான புஷ்ஷும் காய்ந்து உரசியிருக்கின்றன.

"கிரீஸ் அடிச்சு ஓட்டுங்கண்ணே" என்றவர்களுக்கு: இது எண்ணெய் செயின், தம்பி. சீல் கசிந்தால் எதை ஊற்றினாலும் வெளியேதான் வரும். புது சீல் போட்டு, வேக்குவம் நின்ற பிறகே எண்ணெய் விட்டோம். இப்போது வேலை முடிந்து தொட்டால் எல்லாப் பின்னும் ஒரே சூடு.