ஞாயிறு ராத்திரி, லூப் லைனில்

அத்தை வீட்டிலிருந்து சொன்ன நேரத்துக்குக் கிளம்பியவர்கள் எங்கள் குடும்பத்தில் யாருமே கிடையாது. திங்கட்கிழமை காலை எனக்கு செய்முறைத் தேர்வு. ஞாயிறு மதிய ரயிலைப் பிடித்தால் இருட்டுவதற்குள் விடுதிக்குப் போய்விடலாம் என்று வந்த அன்றே சொல்லி வைத்திருந்தேன். "மாமா வெளியே போயிருக்கார், அவர்கிட்ட சொல்லிக்காம போவியா? சாயங்கால வண்டி காலியாத்தான் வரும்" என்றார் அத்தை. ஞாயிறு சாயங்கால வண்டி காலியாக வருமாம்! மறுநாள் வகுப்புக்கும் வேலைக்கும் போகிற அத்தனை பேரும் அதைத்தானே பிடிப்பார்கள்.

மற்றபடி அந்த வார இறுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தை பெண்ணோடு விடிய விடியப் பேச்சு, பகலில் தூக்கம். கிளம்பும்போது பை மட்டும் வந்ததைவிட இரண்டு மடங்கு கனத்தது.

ரயிலில் உட்கார இடமில்லை. கதவுப் பக்கம் பையை வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாத ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. நின்றது நின்றதுதான். என்ஜின் பழுது என்றார் ஒருவர். முன்னால் ஏதோ விபத்து என்றார் இன்னொருவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இறங்கியதும் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர்தான், "பயப்படாதேம்மா, கிராசிங்" என்றார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கித்தானே ஆக வேண்டும்? நம் வண்டியை லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் முக்கியப் பாதையிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்கப் பாதையில், ஒதுக்கியிருக்கிறார்கள், எதிர்வண்டி வந்து சேர்ந்தபிறகுதான் நமக்கு சிக்னல் கிடைக்கும் என்றார். சரி, வந்துபோனால் கிளம்பிவிடும் என்று நினைத்தேன். எதிர்வண்டி தடதடவென்று போனது. நாங்கள் நகரவில்லை.

அதற்கும் காரணம் சொன்னார். கால அட்டவணை போடும்போதே எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் ஒதுங்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்களாம். ஒரு வண்டி தாமதமானால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். நேரத்துக்கு வருகிற வண்டியைக் கெடுக்க வேண்டாம் என்று, ஏற்கெனவே தாமதமானதையே மறுபடியும் நிறுத்தி வைப்பார்கள் பெரும்பாலும். "லேட்டான வண்டி மேல மேல லேட்டாகும்மா. நானே எத்தனையோ வண்டிய இப்படி நிறுத்தியிருக்கேன், திட்டும் வாங்கியிருக்கேன்" என்று சிரித்தார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனால் காரணம் தெரிந்ததும் அந்த வயிற்றுக் கலக்கம் நின்றுவிட்டது, அது உண்மை. இதையே ஒலிபெருக்கியில் ஒரு வரி அறிவித்திருந்தால் விபத்துக் கதை கிளம்பியிருக்காது. ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை கோபம்தான்.

அவர் செய்த இன்னொரு உதவி பெரிது. என் போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருந்தது. டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். "முதல்ல வார்டன் நம்பரையும் வீட்டு நம்பரையும் பேப்பர்ல எழுதிக்கோ" என்றார். எழுதி முடித்துக் கொஞ்ச நேரத்தில் போன் அணைந்தது. அவர் போனிலிருந்தே வார்டனிடம் பேசினேன். அத்தையிடமும் பேசினேன். அத்தை, "அப்பவே மதிய வண்டில போயிருக்கலாமே" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

இறங்கியபோது கடைசி பஸ் போயே விட்டது. அதே பக்கம் போக வேண்டிய வேறு கல்லூரிப் பெண்கள் இருவர் வாடகைக் கார் பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். பெரியவர் கார் எண்ணைக் குறித்துக்கொண்டு, நாங்கள் ஏறும்வரை அங்கேயே நின்றார்.

விடுதியில் தாமதத்துக்குக் காரணம் கேட்கும் பதிவேட்டில் "ரயில் லூப் லைனில் ஒதுக்கப்பட்டது, எதிர்வண்டி கிராசிங்" என்று எழுதினேன். வார்டன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "ரயில் லேட்னு எழுதினா போதாதா?" என்று கேட்டு, கதவைப் பூட்டப் போய்விட்டார்.