இத்தாலி ரெட் ஒயின்ல எது திராட்சை பேரு, எது ஊர் பேரு?

கேள்வி:
பாட்டில்ல பரோலோ, கியாந்தினு எடத்துப் பேரு போட்டிருக்கு, சிலதுல பார்பெரானு திராட்சை பேரும் வருது, எப்படி பிரிச்சுப் பாக்கறது? மோந்தெபுல்ச்சானோதான் ரொம்ப குழப்புது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
அது எல்லாரையும் குழப்பறதுதான். டஸ்கனில அந்தப் பேர்ல ஒரு ஊர் இருக்கு, அங்கேர்ந்து வர்ற வினோ நோபிலே பெரும்பாலும் சாஞ்சோவேசே திராட்சைல பண்றது, ஆனா மோந்தெபுல்ச்சானோ த அப்ருட்ஸோனு இருந்தா அது அப்ருட்ஸோ பக்கம் வெளையற வேற திராட்சை. கியாந்தி கிளாசிகோல குறைஞ்சது 80% சாஞ்சோவேசே இருக்கணும், புருனெல்லோ தி மோந்தால்சினோன்னா 100% அதேதான்.

பதில் 2:
பரோலோ முழுக்க நெப்பியோலோ திராட்சை, பியட்மான்ட் ஏரியா. கிளாஸ்ல ஊத்தினா கலர் வெளிறிப்போய் ஓரத்துல செங்கல் நிறம் அடிக்கும், சரி லைட்டான ஒயின் போலனு ஒரு வாய் குடிச்சா டானின், அதாவது ஒயின்ல இருக்கற துவர்ப்பு, அப்படியே ஈறைப் புடிச்சு இழுக்கும், அதனாலதான் குறைஞ்சது 38 மாசம் ஊற வெச்சுத்தான் விக்கணும்னு ரூல், அதுல 18 மாசம் மரப்பீப்பாய்ல. பக்கத்துலயே பார்பரெஸ்கோவும் அதே திராட்சை, 26 மாசம் போதும். மொதல்ல குடிக்க பார்பெராதான் என் சாய்ஸ், புளிப்பு தூக்கலா டானின் கம்மியா இருக்கும்.

பதில் 3:
தெற்குப் பக்கத்தையும் விட்றாதீங்க. கம்பானியால தௌராசினு ஒண்ணு, அக்லியானிகோ திராட்சை, ரொம்ப லேட்டா பழுக்கும், நவம்பர் வரைக்கும்கூட அறுவடை இழுக்கும். சிசிலில எட்னா எரிமலைச் சரிவுல நெரெல்லோ மஸ்கலேசே திராட்சை. நெப்பியோலோ புடிச்சவங்களுக்கு இது கண்டிப்பா புடிக்கும்.